முப்பதுக்கு முப்பது

இங்கே யாரும் வரவில்லையே அக்கா? உட்கார்ந்துகொள்கிறேன். ஒன்று கேட்பேன், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் கெமிஸ்ட்ரி படித்தவரா? பத்தாவதோடு சரியா? அப்பாடா. ஐயோ, கேலி செய்யவில்லை அக்கா, சத்தியமாக இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எங்கே இறங்குவீர்கள்? கலெக்டர் ஆபீஸா? எனக்கு அதற்கு அடுத்த ஸ்டாப், காலேஜ். முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

இந்தத் தாள்தான். மூன்று நாளாகப் பையிலேயே கிடந்து கசங்கிவிட்டது. நான் பி.எஸ்சி. விலங்கியல், முதல் வருடம். சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. விலங்கியலோடு துணைப்பாடம் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டு கட்டம் இருக்கிறதா, மேலே வேதியியல், கீழே தாவரவியல். ஒன்றில் டிக் போட்டு இன்று பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். அடியில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். ‘எக்காரணம் கொண்டும் மாற்ற இயலாது.’ அந்த ‘எக்காரணம் கொண்டும்’ என்பதை மட்டும் நூறு தடவை படித்துவிட்டேன். பின்பக்கம் திருப்பாதீர்கள் அக்கா, அங்கே ஒன்றுமில்லை, ஏதோ கணக்கு.

தாவரவியல் எடுத்தால் ஒரு வம்பும் இல்லை. இலை, பூ, வேர். வரைந்தால் போதும். நான் நன்றாக வரைவேன். ஆனால் எனக்குப் பிடித்த வேலைக்கு வேதியியல் படித்திருக்க வேண்டுமாம். என்ன வேலையா? குடிநீரைப் பரிசோதிக்கும் லேபில் வேலை. என் பல்லைப் பாருங்கள். பாக்குப் போடுகிற பெண் என்று நினைத்தீர்களா? எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பல்லில் இந்தப் பழுப்புக் கோடு உண்டு. போர்வெல் தண்ணீரில் புளோரைடு, அது பல்லைக் கெடுத்துவிடும். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ஜீப் வந்தது. அதில் வந்த ஒரு அக்கா ஜீப்பின் மூக்கிலேயே பாட்டில்களைப் பரப்பி, எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, எதையோ சொட்டுவிட்டு, நிறத்தைப் பார்த்துவிட்டு, “இதைக் குடிக்காதீங்க” என்றார். அவ்வளவுதான். பஞ்சாயத்துத் தலைவருக்குக் கோபம். “நாங்க முப்பது வருசமா குடிக்கிறோம்மா” என்றார். “அது நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க” என்று அந்த அக்கா சொன்னார். மறுநாள் யாரும் குடிக்கக் கூடாது என்று குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

சரி, அதை விடுங்கள். சின்ன வயதில் பார்த்ததெல்லாம் ஒரு காரணமா?

பயம் எதற்கென்றால், நான் பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் முப்பதுக்கு முப்பது. பாராட்டாதீர்கள் அக்கா. முழுக்கக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பேருக்கும் முப்பது. ஆறு வருடமாக ஒருவருக்குக்கூட ஒரு மார்க் குறைந்ததில்லை. ஆனால் எங்கள் லேப் பூட்டியே இருக்கும். நான் ஒரு நாள்கூட ஒரு டெஸ்ட் டியூபைக் கையில் பிடித்ததில்லை.

கோதண்டம் சார்மேல் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். கண்ணாடி உடைந்தால் யார் பதில் சொல்வது, ஆசிட் கையில் பட்டால் யார் பதில் சொல்வது? எங்கள் பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைத்திருந்தார். தவிர, உள்ளே இடமும் கிடையாது. பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்த இலவச சைக்கிள்களை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். செய்முறை வகுப்பு என்றால் சார் கரும்பலகையில் அழகாகப் படம் போடுவார்.

“இது பியூரெட், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஊதா. இது கூம்புக் குடுவை. உள்ளே நிறமில்லை. சொட்டுச் சொட்டா விடுற. என்ன ஆகும்?”

“வெளிர் இளஞ்சிவப்பு சார்!” நாற்பத்தொரு பேரும் கத்துவோம்.

“நிலைச்சு நிக்குமா?”

“நிக்கும் சார்!”

“அப்ப முடிஞ்சுது. ரெக்கார்டு நோட்டுல எழுதிக்க.”

எவ்வளவு சுலபமாகப் புரிய வைத்தார் பாருங்கள். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

தேர்வு அன்றைக்கு லேபைத் திறந்தார்கள். சைக்கிள்களை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு மேஜையைத் துடைத்து, குடுவை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். தொடக் கூடாது. யாராவது அதிகாரி வந்தால் பார்ப்பதற்கு. வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் சார் அவர் பள்ளிக்குத் தேர்வாளராகப் போனபோதும் டீதான் குடித்தாராம். ஒருவருக்கொருவர் ஒரு மரியாதை. லேப் உதவியாளர் மாது அண்ணன் வரிசை வரிசையாக வந்து காதோடு சொல்லிக்கொண்டே போனார்.

“மொத வரிசை, பதினெட்டு புள்ளி நாலு. ரெண்டாவது வரிசை, பதினெட்டு புள்ளி ஆறு. எல்லாரும் ஒண்ணையே எழுதித் தொலைக்காதீங்க, அப்புறம் என் தலைதான் உருளும்.”

நான் இரண்டாவது வரிசை. எத்தனை மில்லி ஊற்றினால் நிறம் மாறும் என்பதுதான் அந்த எண். அதை நாம் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் கண்டுபிடித்துவிட்ட மாதிரி எழுதினோம். மூன்று தடவை செய்ததாக எழுத வேண்டும். முதல் தடவை கொஞ்சம் தள்ளி எழுதச் சொல்வார் சார், அப்போதுதான் உண்மை மாதிரி இருக்குமாம். பதினெட்டு புள்ளி ஒன்பது, பதினெட்டு புள்ளி ஆறு, பதினெட்டு புள்ளி ஆறு. அதற்கு மேல் வரும் கணக்கை நானே போட்டேன் அக்கா. அதில் யாரும் உதவி செய்யவில்லை. ஒரு தப்பும் கிடையாது.

ரிசல்ட் வந்ததும் எங்கள் முனிராஜ் சித்தப்பா பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். ஃபிளெக்ஸ் கடை அவருடையதுதான். ‘வேதியியல் செய்முறையில் முப்பதுக்கு முப்பது பெற்ற எங்கள் விஞ்ஞானி சங்கவியே!’ சங்கவி நான்தான். படத்தில் என் பல்லை வெள்ளையாக்கிவிட்டார். மற்ற நாற்பது பேருக்கும் முப்பதுதான் என்று அவருக்குத் தெரியும். “அவனுங்களுக்குச் சித்தப்பன் இல்லையே” என்றார். எங்கள் ஊர் ஸ்டாப்பில் இன்னும் நிற்கிறது. பஸ் ஏறும்போது நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

இனிமேல்தான் கதையே. காலேஜில் இரண்டாவது நாள், துணைப்பாடம் எதை எடுக்கலாம் என்று பார்ப்பதற்கு எங்கள் வகுப்பு முழுவதையும் வேதியியல் லேபுக்கு அழைத்துப் போனார்கள். ஹேமலதா மேடம். குள்ளமாக இருப்பார், குரல் மட்டும் கடைசி பெஞ்சைத் தாண்டிப் போகும். எங்களை நிற்க வைத்து, “பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரி பிராக்டிகல் யாரெல்லாம் ஃபுல் மார்க்? கையைத் தூக்குங்க” என்றார்.

தூக்காமல் இருக்க முடியுமா? மார்க் ஷீட் அவர்களிடம்தான் இருக்கிறது. தூக்கினேன். நாற்பது பேரில் முப்பத்தொன்பது கை. மேடம் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். “அடேங்கப்பா. இவ்வளவு பெரிய ஆளுங்க நடுவுல நான் எதுக்கு? சரி, யாராவது ஒருத்தர் வந்து இந்த பர்னரைப் பத்த வைங்க பார்ப்போம்.”

ஒருவரும் நகரவில்லை.

டவுன் பிள்ளைகளின் நாகரிகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் அக்கா. முப்பத்தெட்டு பேருக்கும் தெரியும். ஆனால் முந்திக்கொண்டு போய் நின்று பெருமையடிக்கக் கூடாது என்று அப்படியே நிற்கிறார்கள். ஒருவன் கூரையைப் பார்க்கிறான், ஒருத்தி செருப்பைப் பார்க்கிறாள். ஒரு பையன், “எங்க ஸ்கூல்ல வேற மாடல் பர்னர் மேடம்” என்றான். எவ்வளவு அடக்கம்! தெரியாமல் நின்றது நான் ஒருத்திதான். என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ, என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று அந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் கை தூக்காத அந்த ஒருத்தி போனாள். ரிஸ்வானா. பாவம், அவளுக்கு இருபத்திரண்டு மார்க். தீக்குச்சியைக் கிழித்து, குழாயை மெதுவாகத் திறந்து, பற்ற வைத்து, கீழே எதையோ திருகி மஞ்சள் சுடரை நீலமாக்கிவிட்டு வந்து நின்றாள். குறைந்த மார்க் வாங்கியவளுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று மேடம் அப்படிச் செய்திருக்க வேண்டும். நல்ல மனசு.

அவளிடம் கேட்டேன், ஏன் இருபத்திரண்டு என்று. “எங்க மிஸ் எதையும் சொல்லித்தர மாட்டாங்கப்பா. நீயே செஞ்சு நீயே கண்டுபிடின்னு விட்டுருவாங்க. பரீட்சையில ரீடிங் தப்பா வந்துச்சு, எட்டு மார்க் போச்சு” என்றாள். எப்படிப்பட்ட டீச்சர் பாருங்கள். பிள்ளைகள்மேல் கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்துப் பாருங்கள். வேதியியல் எடுத்தால் வாரம் ஒரு நாள் லேப். முதல் நாளே தெரிந்துவிடும். முப்பதுக்கு முப்பது வாங்கியவளுக்குப் பியூரெட்டின் தலை எது, கால் எது என்று தெரியவில்லை என்று மேடம் மேலே எழுதுவார். மேலே இருப்பவர்கள் எங்கள் பள்ளிக்கு எழுதுவார்கள். நாற்பத்தொரு பேருடைய சான்றிதழும் ரத்தாகும். எங்கள் வகுப்பு நந்தினி நர்சிங் சேர்ந்துவிட்டாள், அவளை எழுந்து போகச் சொல்வார்கள். கோதண்டம் சாருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. மாது அண்ணனை முதலில் பிடிப்பார்கள். எல்லாம் என் ஒருத்தியால். நாற்பது பேர் தப்பித்துவிட்டார்கள், இவள் ஒருத்தி கெமிஸ்ட்ரி எடுத்துக் கெடுத்தாள் என்று ஊரே பேசும். அப்படியெல்லாம் நடக்காதா? உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?

வீட்டில் சொல்லலாம் என்று பார்த்தேன். “அப்பா, கெமிஸ்ட்ரி வேண்டாம், பாட்டனி எடுக்கட்டுமா?” என்றேன். அப்பா மாங்கூழ் ஆலையில் லோடு ஏற்றுகிறவர். “முப்பதுக்கு முப்பது வாங்கினதை விட்டுட்டு எதுக்கு செடி கொடியைப் பார்க்கப்போற? அது நம்ம வீட்டுப் பின்னாடியே இருக்குது” என்றார். அவ்வளவுதான். அந்த முப்பதைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்க முடியுமா?

சரி, தாவரவியல்தான் என்று முடிவு செய்தேன். முந்தாநாள் டிக் போடுவதற்கு முன்னால் ஹேமலதா மேடத்தைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. போயிருக்கக் கூடாது. முழு மார்க் வாங்கியவள் சொல்லாமல் விலகினால் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது, அதனால் போனேன். மேடம் என் மார்க்கைப் பார்த்தார்.

“முப்பது வாங்கியிருக்க. அப்புறம் ஏம்மா பாட்டனி?”

“அலர்ஜி மேடம்.”

“எதுக்கு அலர்ஜி?”

“கெமிக்கலுக்கு மேடம்.”

“எந்தக் கெமிக்கல்?”

“எல்லாக் கெமிக்கலும் மேடம்.”

“தண்ணியும் கெமிக்கல்தான். குடிக்கிறியா இல்லையா?”

அப்போது அவர் என் பல்லைப் பார்த்தாரோ என்னவோ. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு, “நாளைக்கு மத்தியானம் லேப் திறந்திருக்கும். ரிஸ்வானா இருப்பா. ஒரு டைட்ரேஷன் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் டிக் போடு” என்றார். டைட்ரேஷன் என்றால் நான் சொன்னேனே, அந்த ஊதாவைச் சொட்டுவிடுவது.

எனக்குப் புரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்கிறார். ரிஸ்வானாவை ஒற்று வேலைக்கு வைத்திருக்கிறார். போகாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நேற்று மத்தியானம் போனேன்.

லேபில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஸ்டாண்டில் பியூரெட்டை மாட்டி வைத்திருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“சாமியா இது, தள்ளி நின்னு கும்பிடுறதுக்கு? பிடிடி” என்றாள்.

பிடித்தேன். சில்லென்று இருந்தது அக்கா. படத்தில் அது தெரியாது.

“ரிஸ்வானா, ரீடிங் எவ்வளவு வரும்?” என்று கேட்டேன்.

“செஞ்சா வரும்.”

“இல்ல, எவ்வளவு வரணும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? மேடம் கலக்கி வெச்சிருக்காங்க. அவங்க நோட்டுல இருக்கும்.”

“சும்மா சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “லூசு, தெரியாதுன்னா தெரியாது” என்றாள்.

இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை. அப்போது பட்டதுதான் பயம். அந்த அறையில் இருக்கிற இரண்டு பேருக்குமே விடை தெரியாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பரீட்சை நடந்ததே இல்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது. அவள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

பியூரெட்டின் அடியில் இருந்த திருகைத் திறந்தேன். மடமடவென்று கொட்டி, குடுவை முழுக்க அடர் ஊதா. ரிஸ்வானா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஜூஸ் கடை வைக்கப் போறியா?” என்றாள். கழுவினேன். மறுபடி. இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டு விழும், ஊதாவாகப் படரும், குடுவையை ஆட்டினால் காணாமல் போய்விடும். இன்னொரு சொட்டு, காணாமல் போய்விடும். நேரம் போகப் போக, மறைவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது. அதை எங்கள் சார் சொல்லவே இல்லை அக்கா. தாமதமாகும் என்று அவர் சொல்லவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டேன், ஆட்டினேன், போகவில்லை. அப்படியே நின்றது. ரோஸ் என்றுகூடச் சொல்ல முடியாது, தண்ணீருக்கு வெட்கம் வந்த மாதிரி.

பதினேழு புள்ளி மூன்று.

மூன்றாவது தடவை செய்தேன். மறுபடி பதினேழு புள்ளி மூன்று. ரிஸ்வானா என் முதுகில் ஓங்கி அடித்தாள். “எனக்கே ரெண்டு தடவை ஒண்ணா வந்ததில்லைடி!” இருபத்திரண்டு மார்க் வாங்கியவள் சொல்வதை எப்படி நம்புவது? எனக்குத் தைரியம் வரட்டும் என்று சொல்கிறாள். ஏதோ குருட்டாம்போக்கில் வந்திருக்கும். அதுவும் பதினேழு புள்ளி மூன்று! எங்கள் பள்ளியில் யாருக்கும் அப்படி ஓர் எண் வந்ததே இல்லை. பதினெட்டுக்குக் கீழே போனதே இல்லை. நிச்சயம் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன்.

சரியா தப்பா என்று மேடத்திடம் கேட்டேன். “திங்கட்கிழமை, கெமிஸ்ட்ரி எடுக்கிறவங்களுக்கு மட்டும் சொல்வேன்” என்றார். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கென்ன வந்தது? தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துக் கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? பின்பக்கம் பார்த்தீர்களே, அதுதான். காலையில் எழுந்ததிலிருந்து மூன்று தடவை போட்டுவிட்டேன். அம்மா பல் தேய்க்கக் கூப்பிட்டார், காதில் விழவே இல்லை. மூன்று தடவையும் ஒரே விடைதான் வருகிறது. யாரும் சொல்லித்தராமல் ஒரு விடைகூட எனக்கு இப்படி... தாவரவியல் எடுக்கப்போகிறவளுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்காதீர்கள். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐயோ, சிக்னல் தாண்டிவிட்டதா? கலெக்டர் ஆபீஸா வருகிறது? எழுந்திருக்காதீர்கள் அக்கா, ஒரு நிமிடம். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மேலேயா, கீழேயா? நீங்கள் எதைச் சொன்னாலும் போடுகிறேன். உங்களுக்குத் தெரியாதா? பத்தாவது படித்தால் என்ன அக்கா, ஒரு பெரியவர் சொன்னால் போதும் எனக்கு. வாயால் சொல்ல வேண்டாம், விரலைக் காட்டினால்கூடப் போதும். நீங்கள் சொன்னதாக யாரிடமும் சொல்ல மாட்டேன். சிரிக்காதீர்கள் அக்கா. சிரித்தால் நான் என்ன எழுதுவது?

கண்டக்டர் சார், விசில் ஊதிவிடாதீர்கள், இவர்கள் இறங்க வேண்டும். இருங்கள் அக்கா. பேனா... இதோ இருக்கிறது.

போட்டுவிட்டேன். மேலே. மேலேதான் போட்டிருக்கிறேன், வேதியியல். பேனாவில் போட்டுவிட்டேன் அக்கா, இனி அழிக்கவும் முடியாது. படியில் இறங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள். இதுதானே? அக்கா, இதுதானே சரி?